பேத்திக்கு ஆறில் ஒன்று

ஒருவர் இறந்துபோகிறார். அவருக்கு ஒரு மகள், முன்பே இறந்துவிட்ட மகன் வழியில் ஒரு பேத்தி, கூடப் பிறந்த சகோதரி ஒருத்தி. வேறு யாரும் இல்லை. சொத்தை எப்படிப் பிரிப்பது? 7ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி நபித்தோழர் அபூ மூஸா அல் அஷ்அரியிடம் வந்தது. மகளுக்குப் பாதி, சகோதரிக்குப் பாதி என்றார் அவர். பேத்திக்கு ஒன்றுமில்லை. இன்னொரு தோழரான இப்னு மஸ்ஊதையும் கேளுங்கள், அவரும் இதையேதான் சொல்வார் என்று நம்பிக்கையோடு அனுப்பிவைத்தார். இப்னு மஸ்ஊதோ நபிகள் நாயகத்தின் தீர்ப்பு என்று வேறொரு கணக்கைச் சொன்னார். மகளுக்குப் பாதி, பேத்திக்கு ஆறில் ஒன்று, மிச்சம் சகோதரிக்கு. சொத்து 18 லட்ச ரூபாய் என்றால் 9 லட்சம், 3 லட்சம், 6 லட்சம்.

இந்த ஆறில் ஒன்று எங்கிருந்து முளைத்தது? மகன் இல்லாத வீட்டில் ஒரே மகள் என்றால் பாதி, மகள்கள் பலர் என்றால் எல்லோருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு என்கிறது குர்ஆனின் நான்காம் அத்தியாயம். பேத்திக்கென்று தனி எண் அங்கே இல்லை. ஆனால் மகள் ஒருத்தி மட்டும் இருக்கும்போது, மூன்றில் இரண்டு என்ற உச்சவரம்பு முழுதாக நிரம்புவதில்லை. அதிலிருந்து பாதியைக் கழித்துப் பாருங்கள், சரியாக ஆறில் ஒன்று மிஞ்சும். அந்த இடைவெளிதான் பேத்தியின் இடம்.

அப்படியானால் மகள்கள் இருவர் இருந்தால்? வரம்பு நிரம்பிவிட்டது, பேத்திக்குப் பூஜ்யம். ஆனால் அவளுக்கு ஒரு தம்பி இருந்தால் கணக்கே மாறிவிடும். மகன் வழிப் பேரன் ‘அஸபா’, அதாவது குறித்த பங்குகள் போக எஞ்சியதைப் பெறும் வாரிசு. அவன் வந்தால் அக்காவும் அவனோடு சேர்ந்து எச்சத்துக்கு உரியவள் ஆகிறாள். 18 லட்சத்தில் மகள்கள் இருவரும் 12 எடுத்துக்கொண்டால், மீதி 6இல் தம்பிக்கு 4, அக்காவுக்கு 2. இந்தத் தம்பிக்குச் சட்ட அறிஞர்கள் ‘பாக்கியமான சகோதரன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

துரதிர்ஷ்டசாலிச் சகோதரனும் ஒருவன் உண்டு. அவனைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். கலீஃபா உமரின் ஆட்சியில் (634–644) எழுந்த வழக்கு அது. இறந்த பெண்ணுக்குக் கணவரும் இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு! சொத்தைவிடப் பங்கு பெரிதாகிவிட்டது. உமர் தோழர்களோடு கலந்து கண்ட வழி, சொத்தை ஆறாக வெட்டாமல் ஏழாக வெட்டுவது. கணவருக்கு மூன்று கூறு, சகோதரிகளுக்கு நான்கு. பந்தியில் ஆள் கூடிவிட்டால் யாரையும் எழுப்பிவிடாமல் எல்லா இலையிலும் கொஞ்சம் குறைத்துப் பரிமாறுவோமே, அதே நியாயம். இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர். நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதை ஏற்கவில்லை. ஷியா சட்டமும் ஏற்பதில்லை, அங்கே பிரிக்கும் முறையே வேறு. இங்கே நாம் பார்ப்பது சுன்னி மரபின் கணக்கு.

இப்போது அந்தத் துரதிர்ஷ்டசாலி. ஒரு பெண் இறக்கிறாள். கணவர், தாய், தந்தை, ஒரு மகள், மகன் வழிப் பேத்தி. பன்னிரண்டு கூறாக வைத்துக்கொண்டால் கணவருக்கு 3, பெற்றோருக்கு 2, 2, மகளுக்கு 6, பேத்திக்கு 2. மொத்தம் 15. அவ்ல் முறையில் பதினைந்தாக வெட்டினால் பேத்திக்குப் பதினைந்தில் இரண்டு. நல்லது. ஆனால் அவளுக்குத் தம்பி இருந்தால்? இருவரும் எச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கே 13 கூறு வேண்டியிருக்கும்போது எச்சம் ஏது? இருவருக்கும் பூஜ்யம். ஒரு வீட்டில் அக்காவுக்கு வரவாக இருந்த தம்பி, இன்னொரு வீட்டில் இழப்பாகிறான். எந்தச் சட்டத்தையும் யாரும் மாற்றவில்லை, சுற்றியிருக்கும் சொந்தங்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

கவனித்திருப்பீர்கள், இதுவரை வந்ததெல்லாம் மகன் வழிப் பேரப்பிள்ளைகள். மகள் வயிற்றுப் பிள்ளைகள் இந்த வரிசையில் தூரத்து உறவினர். இஸ்லாமிய வரலாற்றில் மிக அதிகம் கொஞ்சப்பட்ட பேரர்களான ஹஸனும் ஹுஸைனும் நபிகள் நாயகத்தின் மகள் ஃபாத்திமாவின் பிள்ளைகள் என்பதை நினைத்தால் இது வியப்பாகத்தான் இருக்கிறது. பாசத்தின் வரைபடமும் பங்கின் வரைபடமும் ஒன்றல்ல.

இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. அப்பா முந்தி இறந்து, தாத்தா பிந்தி இறந்து, சித்தப்பாவோ பெரியப்பாவோ உயிரோடு இருந்தால் பேரனுக்குப் பங்கே கிடையாது. நெருங்கிய ஆண் வாரிசு தூரத்தவரை மறைத்துவிடுகிறார். நபிகள் நாயகமே தந்தையைப் பார்க்காமல் பிறந்து, எட்டு வயது வரை தாத்தா அப்துல் முத்தலிபின் நிழலில் வளர்ந்தவர். அத்தகைய பிள்ளைக்குத் தாத்தா செய்யக்கூடியது உயில் எழுதுவது. வாரிசு அல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒன்று வரை எழுதலாம். தாத்தா மறந்துபோனால்? எகிப்து 1946இல் அந்த உயிலைச் சட்டமே எழுதியதாகக் கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. பாகிஸ்தான் 1961இல், இறந்த பிள்ளையின் பங்கு நேரே பேரப்பிள்ளைகளுக்குப் போகும்படி மாற்றியது.

உயில் வந்ததும் கணக்கு கடினமாகிறது. பாக்தாதில் 820 வாக்கில் அல் குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் பெரும்பகுதி உயிலும் பாகப்பிரிவினையும்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதில் ஒரு கணக்கு: இறந்தவருக்கு இரண்டு மகன்கள். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் அப்பாவுக்கு 10 திர்ஹம் கடன். சொத்தில் மூன்றில் ஒன்று வெளியாளுக்கு என்று உயில். கடனாளி மகனின் பங்கை அவன் கடனிலேயே கழிக்க வேண்டும். கழித்த தொகையும் சொத்தில் சேரும். ஆக, பங்கு தெரியாமல் சொத்து தெரியாது, சொத்து தெரியாமல் பங்கு தெரியாது.

குவாரிஸ்மி தெரியாத பங்குக்குப் ‘பொருள்’ என்று பெயரிட்டுத் தைரியமாகக் கணக்குக்குள் இழுத்துவந்தார். சொத்து என்பது பத்தும் ஒரு பொருளும். வெளியாளுக்கு மூன்றில் ஒன்று போனால், மீதியில் பாதியான மூன்றில் ஒன்றுதான் ஒவ்வொரு மகனுக்கும். அதாவது பத்தும் ஒரு பொருளும் சேர்ந்தால் மூன்று பொருள். எனவே இரண்டு பொருள் பத்து, ஒரு பொருள் ஐந்து. கையிருப்புப் பத்தை வெளியாளும் மற்ற மகனும் ஆளுக்கு ஐந்தாக எடுத்துக்கொள்ள, கடனாளிக்கு ஐந்து திர்ஹம் கடன் கழிகிறது. இத்தனையையும் எழுதியது சொற்களில்தான், ஒரு குறியீடுகூட இல்லாமல்.

12ஆம் நூற்றாண்டில் இந்த நூலை லத்தீனில் பெயர்த்தவர்கள் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, உயில் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். 1831இல் லண்டனில் வெளிவந்த ஃபிரெடெரிக் ரோசனின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அந்த அப்பாவும், இரண்டு மகன்களும், பெயர் தெரியாத வெளியாளும் இடம்பெற்றார்கள்.