எட்டுக் குமிழ், ஒரு தராசு

வானொலிப் பெட்டியின் ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் நாம் திருகும் குமிழை அறியாதார் இலர். அதனுள்ளே மின்சாரத்தைத் தடுக்கும் கரிப்பட்டை ஒன்று வளைந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு சிறு முள் நகர்கிறது. இதற்குப் பொட்டன்ஷியோமீட்டர் என்று பெயர். பட்டையின் ஒரு முனைக்கு 5 வோல்ட்டும் மறுமுனைக்குச் சுழியும் கொடுத்தால், ஒரே சீரான பட்டையாயின், முள் நடுவில் நிற்கையில் இரண்டரை வோல்ட் கிடைக்கும்.

இந்த அழுத்தத்தை எண்ணாக்கிப் படிப்பது மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு. பினாங்கு மக்களுக்குச் சில்லு புதிதன்று. 1972-ஆம் ஆண்டிலேயே இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாசில் தன் ஆலையைத் தொடங்கிற்று. வீட்டில் மின்னணுவியல் பழகுவோர் இன்று பெரிதும் கையாளுவது ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு பலகை. அது 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரை 1,024 படிகளாகப் பகுத்துச் சொல்லும். ஆனால் அதில் அளக்கும் வாய்கள் ஆறே.

என் தமக்கை மகன் பள்ளிக் கலைநிகழ்ச்சிக்காக எட்டுச் சிறு விளக்குகளை எட்டுக் குமிழ்களால் ஆள விரும்பினான். ஆறு வாய்க்கு எட்டுக் குமிழ் எங்ஙனம் பொருந்தும்?

வழி தோட்டத்திலேயே இருக்கிறது. பால் நிறுக்குமிடத்தில் ஆளுக்கொரு தராசு வைப்பதில்லை. கிராணி பெயர் சொல்லி அழைக்க, ஒருவர்பின் ஒருவராக வாளியைக் கொண்டு செல்கிறீர்கள். 4051 என்னும் எண்ணுடைய சில்லு அந்தக் கிராணியின் வேலையைச் செய்கிறது. எட்டுக் கம்பிகள் உள்ளே வரும். ஒன்றே பலகைக்குப் போகும். எந்தக் குமிழின் முறை என்பதை மூன்று கம்பிகள் சொல்லும். ஒவ்வொன்றும் 'உண்டு', 'இல்லை' என இரு நிலையுடையதாதலால், 2 × 2 × 2 = 8 அழைப்புகள்.

எல்லாம் இணைத்த பின் ஒரு வியப்பு! மூன்றாம் குமிழைத் திருகினால் நான்காம் விளக்கும் சற்றே மங்கிற்று. சில்லு பழுதென்று பையன் வேறொன்று வாங்கி வந்தான். பணம் போனதே மிச்சம். பலகையின் அளக்கும் பகுதிக்குள் மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு கலம் ஒன்று உண்டு. முந்தைய குமிழின் மிச்சம் அதில் நிற்கும்போதே அடுத்ததை அளந்தால், இரண்டும் கலந்த எண்ணே வரும். முன்னவர் பால் அடியில் நிற்கும் வாளியில் உங்கள் பாலையும் ஊற்றி நிறுத்தால், கணக்கு எவருக்குச் சரியாகும்? கூலி அதைப் பொறுத்ததன்றோ!

அவன் வாங்கிய குமிழ்கள் 10 இலட்சம் ஓம் தடையுடையவை. அத்துணை ஒடுங்கிய வழியே மின்சாரம் வந்து கலத்தை நிரப்ப நேரம் பிடிக்கும். அவற்றை நீக்கி 10,000 ஓம் குமிழ்களை வைத்தோம். அழைத்தவுடன் வரும் முதல் எண்ணைத் தள்ளி, இரண்டாவதைக் கொள்ளுமாறு கட்டளை நிரலையும் திருத்தினோம். அதன்பின் நான்காம் விளக்கு அசையவில்லை.

பதினாறு குமிழ் வேண்டுவோர் 4067 சில்லை நாடலாம். அதற்கு அழைக்கும் கம்பிகள் நான்கு. 5 வோல்ட் ஆதலால் பிள்ளைகள் அஞ்சாது பழகலாம். வீட்டு மின்சாரத்தை மட்டும் இக்கம்பிகளில் ஒருபோதும் இணைத்தலாகாது. சில்லில் பயன்படாத வாய் இருப்பின், அதை வெறுமே விடாமல் சுழிக் கம்பியோடு சேர்த்து விடுக.