ஒரே நெறிமுறைக்கு இரு நியமங்கள்

கணினிகள் தம்முட் செய்தி பரிமாறுதற்கு இரு புறத்துக்கும் பொதுவான விதிகள் வேண்டும். அவ்விதிகளின் தொகுதியே தொடர்பு நெறிமுறை. அதனை எழுத்தில் வகுத்துரைப்பது நியமம். ஒரே நெறிமுறைக்கு இரு நியமங்கள் எழுந்து அவை முரண்படின், எதன்வழி நிற்பது? ஐக்கிய அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுகளில் இவ்வினா மெய்யாகவே எழுந்தது.

இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் இரண்டு. தகவற் பொதிகளை உரிய முகவரிக்குச் செலுத்துவது ஐ.பி.; அனுப்பிய தகவல் குறைவின்றியும் முறை பிறழாமலும் சேர்வதை உறுதிசெய்வது ரி.சி.பி. இரண்டும் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொருளுதவியால் உருவானவை. ஜோன் பொஸ்ரல் பதிப்பித்த இவற்றின் விவரணங்கள் 1981 செப்ரெம்பரில், ஆர்.எஃப்.சி. என்னும் ஆவண வரிசையில் 791ஆம், 793ஆம் இலக்கங்களாக வெளிவந்தன. 1983 சனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெற் வலையமைப்பு இந்நெறிமுறைகளுக்கு மாறிற்று.

அதே ஆண்டிற் பாதுகாப்புத் திணைக்களம் அவ்விரு நெறிமுறைகளையும் வேறு நடையில் எழுதுவித்து, 1777, 1778 என்னும் எண்களையுடைய இராணுவ நியமங்களாக வெளியிட்டது. பொறியின் ஒவ்வொரு நிலையையும் அந்நிலையில் அது செய்யவேண்டியதையும் படிப்படியாக வரையறுக்கும் முறை அவற்றிற் கையாளப்பட்டது. கருதிய பொருள் ஒன்றே. எழுதிய சொல் வேறாயிற்று.

1985 நவம்பரில் தீபிந்தர் சித்து என்னும் ஆய்வாளர் 1777ஆம் நியமத்தின் பிழைகளை எடுத்துக்காட்டினார். பெரிய பொதியொன்று சிறிய அளவையே ஏற்கும் வலையமைப்பைக் கடக்குமிடத்துத் துண்டுகளாக்கப்படும். சேருமிடத்தில் அத்துண்டுகள் மீண்டும் இணைக்கப்படும். நியமத்தின் சொற்படி நடப்பின், இறுதித் துண்டு இணைப்பில் இடம்பெறாது. விந்தை யாதெனில், இப்பிழை வெளிப்படுதற்கே வாய்ப்பில்லை. பொதி முழுமையுற்றதா எனப் பார்க்கும் சோதனை எஞ்ஞான்றும் தோல்வியுறுமாதலால், இணைத்த பொதி உரியவரிடம் ஒப்படைக்கப்படவே மாட்டாது! 1778ஆம் நியமத்தின் பிழைகளும் அதே மாதத்தில் வேறோர் ஆவணமாக வெளிவந்தன.

இதனால் விளையும் இடர்ப்பாட்டைச் சிந்தியுங்கள். படைக்குக் கருவி செய்து கொடுப்பவன் நியமத்தை எழுத்துப் பிசகாது பின்பற்றினால், அவன் கருவி இயங்காது. இயங்கும்படி செய்தால், அவன் நியமத்தை மீறியவனாவான்.

இம்முரண்பாட்டுக்கு முடிவு கூறியது, 1989 ஒக்ரோபரில் றொபேட் பிறேடன் பதிப்பித்த 1122ஆம் ஆவணம். இராணுவ நியமமும் மூல விவரணமும் மாறுபடுமிடத்து மூல விவரணமே செல்லும். இரண்டுக்கும் மேலாக இவ்வாவணமே செல்லும் என அது வரிசைப்படுத்திற்று. மூல விவரணம் குற்றமற்றது என்பதன்று இதன் கருத்து. அதன் குறைகளையும் அவ்வாவணம் திருத்தவே செய்தது. ஆயின் இராணுவ நியமம் காலத்தாற் பின்தங்கிவிட்டது. 1985இல் வகுக்கப்பட்ட உபவலைப் பிரிப்பு முறை 1983இல் எழுதிய ஏட்டில் எங்ஙனம் இடம்பெறும்?

793ஆம் ஆவணமும் நிலைத்துவிடவில்லை. நாற்பது ஆண்டுத் திருத்தங்களை ஒருங்கே திரட்டி, 2022 ஓகஸ்ற்றில் 9293ஆம் ஆவணம் அதன் இடத்தைப் பெற்றது. ஒரு பொருளுக்கு இரண்டு ஏடுகள் இருப்பதால் மட்டும் கேடு விளைவதில்லை. அவை மாறுபடும்போது எது செல்லும் என்பதை ஒருவர் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். பிழை கண்டவிடத்துத் திருத்தவும் வழி இருத்தல் வேண்டும்.