பெயரைப் பார்க்காதே, பின்னலைப் பார்!



பாவாடை ஓரத்திலும் தலையணை உறையிலும் ஓட்டை ஓட்டையாக அழகாக இருக்குமே, அதுதான் லேஸ். கடையில் விற்பது பெரும்பாலும் மெஷின் லேஸ். கையாலும் பின்னலாம். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். அந்தக் கூலியைச் சேர்த்து, அடிமையாக இருந்த சில பெண்கள் தங்கள் விடுதலையையே வாங்கினார்களாம்!

நான் கற்பது குரோஷா லேஸ். கொக்கி ஊசியும் நூலும் போதும். திண்டிவனத்தில் இருக்கும் என் அத்தை, தையல் டீச்சர் பயிற்சியில் படித்த பழைய பிரிட்டிஷ் புத்தகத்தைக் கொடுத்தார். அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. "நீ படிச்சுச் சொல்லு கண்ணு, நான் கையப் புடிச்சுக் காட்டறேன்" என்பார்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு பழைய அமெரிக்கப் புத்தகம் வாங்கினேன். அதில் ஒரு வட்ட விரிப்பு. முதல் சுற்றில் 12 "டபுள் குரோஷே", அடுத்து 24, அடுத்து 36. எண்ணி எண்ணித்தான் பின்னினேன். ஆனால் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. இரண்டு நாள் உழைப்பு! அழுகையே வந்தது.

அத்தை தடவிப் பார்த்தார். "தையல் குட்டையா இருக்கே. பேர விடு, எப்படிப் பின்னணும்னு முதல் பக்கத்துல போட்டிருக்கும், அதப் படி" என்றார்.

படித்ததும் புரிந்தது. பெயர் ஒன்று, பின்னல் வேறு!

1. பிரிட்டிஷ் "டபுள்": ஊசியை நுழைத்து நூலை இழு. இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் முடி. இது குட்டைப் பின்னல்.

2. அமெரிக்க "டபுள்": முதலில் ஊசியில் நூலைச் சுற்று. பிறகு நுழைத்து இழு. மூன்று வளையம் இருக்கும். இரண்டிரண்டாக இருமுறை இழு. இது நெட்டைப் பின்னல். பிரிட்டிஷ் புத்தகத்தில் இதன் பெயர் "டிரெபிள்".

ஆரம் கூடினால் சுற்றளவு கூடும் என்று கணக்கில் படித்தோமே, அதேதான். நெட்டைப் பின்னலில் வட்டம் வேகமாகப் பெரிதாகும். சுற்றுக்கு 12 கூட்டலாம். குட்டைப் பின்னலில் சுமார் 6 தான் கூட்டவேண்டும். 12 கூட்டினால் இடம் போதாமல் நெளியும்.

குரோஷாவில் ஒரு நல்லது, பிரித்தால் நூல் வீணாகாது. அதே நூலில் மறுபடி பின்னி அத்தை கையில் கொடுத்தேன். ஓரம் முழுக்க விரலால் தடவி, "தட்டையா வந்திருக்குடி" என்றார்.

கற்க விருப்பமுள்ளவர்கள் ஊசி, நூலோடு மதிய இடைவேளையில் வாருங்கள். சேர்ந்து பின்னலாம்.

– 9ஆம் வகுப்பு மாணவி