மதிப்பெண்ணுக்குப் பொன்னாடை, கட்டணத்துக்கு?

பிளஸ் 2 முடிவு வந்ததும் உப்பளத் தொழிலாளியின் மகள், துறைமுகச் சுமைத் தொழிலாளியின் மகன் சாதனை என்று படத்துடன் செய்தி வருகிறது. நாமும் பொன்னாடை போர்த்துகிறோம். அதே பிள்ளைகள் கல்லூரி அலுவலகத்தின் முன் நிற்கும்போது முதலில் கேட்கப்படுவது கட்டணம். அங்கே கைகொடுக்க வேண்டியது கல்வி உதவித்தொகை.

பரோடா மன்னர் வழங்கிய உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த 1944-ல் பட்டியல் சமூக மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. ஒரு மன்னரின் தயவால் ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு, அரசின் திட்டமாக எல்லோருக்கும் ஆனது.

இடையில் மத்திய அரசின் பங்கு சுருங்கி, சுமை மாநிலங்கள் மேல் விழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 5 ஆண்டுகளுக்கு ரூ.59,048 கோடி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது.

சிக்கல் பணம் வரும் காலத்தில் இருக்கிறது. முத்துநகர் உப்பளங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். பாத்தியில் வேலை இல்லை. மாநில அரசு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 தருவதே இதனால்தான். அந்த வெறுங்கை மாதங்கள் முடியும்போது அடுத்த செமஸ்டர் கட்டணம் வந்து நிற்கிறது. உதவித்தொகை கல்வியாண்டின் கடைசியில் வந்தால், வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். அதற்கும் வழியில்லாத பிள்ளை படிப்பை விட்டு உப்பளத்துக்கே திரும்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத்தைத் தழுவிய ஆதிதிராவிடர்களை 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆனால், தமிழக அரசு தன் நிதியிலிருந்து அவர்களுக்கும் உதவித்தொகை வழங்குகிறது. சாதிச் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்டோர்' என்று இருப்பதைப் பார்த்து நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரிலேயே அரசாணை 92 வந்துவிட்டது.

பெற்றோர் சாதி, வருமானச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் கேட்டு நெருக்கினால், கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை இரண்டு: ஒவ்வொரு கல்லூரியும் அரசாணை 92-ஐத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், உதவித்தொகை மழைக்காலம் தொடங்கும் முன்பே கணக்கில் சேர வேண்டும்.