விளையாட்டு அலுத்துப் போவது ஏன்?

மூன்று மாதங்களுக்கு முன்பு நீங்கள் ஓர் இணைய விளையாட்டைத் தொடங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீங்கள் ஒரு வில்வீரன். அல்லது ஒரு மந்திரவாதி. காடு, மலை, பாழடைந்த கோட்டை என்று அங்கே ஒரு தனி உலகமே இருக்கிறது. உங்களைப் போலவே பல ஊர்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அந்த உலகில் உலவுகிறார்கள். முதல் வாரம் சாப்பாடுகூட நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் மாதம் சற்றுச் சலிப்புத் தட்டியது. மூன்றாம் மாதம் கொட்டாவி வந்தது. "வேறு நல்ல விளையாட்டு இருந்தால் சொல்லேன்" என்று நண்பனைக் கேட்டீர்கள். அவன் சொன்ன புது விளையாட்டோ ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது!

இதில் ஒரு விந்தை இருப்பதைக் கவனித்தீர்களா? அதே காடு, அதே அரக்கன், அதே கோட்டைதான் இன்னும் இருக்கின்றன. முதல் வாரம் உங்களைக் கட்டிப்போட்ட அதே விளையாட்டு, மூன்றாம் மாதம் கொட்டாவி வரவழைப்பானேன்? மாறியது விளையாட்டன்று, உங்கள் மூளை. அது எவ்வாறு மாறியது என்பதை அறிந்துகொண்டால், அடுத்த விளையாட்டைத் தேடும்போது ஏமாறாமல் இருக்கலாம். அத்துடன், எப்போது எழுந்து போக வேண்டும் என்பதையும் கண்டுகொள்ளலாம்.

எழுத்துகளால் ஆன உலகம்

வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு கணினியில் பிறந்ததன்று. 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குத் தேவையானவை தாள், பென்சில், பகடைக் காய்கள், கற்பனை ஆகியவையே.

1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே சமயத்தில் நுழைந்து ஆடக்கூடிய ஒரு கற்பனை உலகைக் கணினியில் அமைக்கத் தொடங்கினார். சக மாணவரான ரிச்சர்ட் பார்ட்டில் அதனைத் தொடர்ந்து வளர்த்தார். அதன் பெயர் 'மட்'. அதில் ஒரு படம்கூடக் கிடையாது. நிற்கும் இடம் எப்படி இருக்கிறது என்று கணினி எழுத்தில் சொல்லும். 'வடக்கே போ', 'வாளை எடு' என்பது போல ஆடுபவர் தட்டச்சு செய்வார். அவ்வளவுதான்! ஆயினும் மாணவர்கள் இரவெல்லாம் அதில் மூழ்கிக் கிடந்தார்கள்.

அந்த விதையிலிருந்து வளர்ந்தவையே 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்', 1999-இல் வந்த 'எவர்குவெஸ்ட்', 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' போன்றவை. கடைசியாகச் சொன்னதற்கு 2010-இல் உலகெங்கும் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். படமே இல்லாத உலகம் மாணவர்களை ஈர்த்தது. கண்ணைப் பறிக்கும் படங்கள் நிறைந்த உலகம் உங்களுக்கு அலுக்கிறது. ஆகவே, சுவையின் இரகசியம் படங்களில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

குரங்கும் பழச்சாறும்

ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் சில பரிசோதனைகள் செய்தார். குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் எப்போது துடிப்பாக இயங்குகின்றன என்று நுண்ணிய மின்முனைகளைக் கொண்டு அளந்தார்.

எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு வாயில் விழுந்தபோது அந்த நரம்பணுக்கள் படபடவென்று இயங்கின. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்பாக ஓர் அடையாளம் காட்டினார். பலமுறை இவ்வாறு செய்தபின் ஒரு புதுமை நிகழ்ந்தது. அடையாளத்தைக் கண்டதுமே நரம்பணுக்கள் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன! அடையாளம் காட்டிவிட்டுச் சாறு தராமல் விட்டபோதோ, சாறு வரவேண்டிய நேரத்தில் அவற்றின் இயக்கம் வழக்கத்தைவிடக் குறைந்தது.

இதன் பொருள் என்ன? பரிசு கிடைத்ததா என்பதை மட்டும் இந்த நரம்பணுக்கள் தெரிவிக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிவிக்கின்றன. ஷுல்ட்ஸும் வேறு இரு அறிஞர்களும் 1997-இல் இதனை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

இப்போது உங்கள் விளையாட்டுக்கு வாருங்கள். முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் பொற்காசு கிடைத்தது, வியப்பு! நூறாவது நாளும் பெட்டியில் பொற்காசுதான். கிடைக்கும் என்பது முன்பே தெரியும். எதிர்பார்த்ததும் கிடைத்ததும் சமம், வித்தியாசம் பூஜ்யம். மூளைக்கு இங்கே கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றுமில்லை.

வாள் பெரிதானது, வேலை மாறவில்லை

"நான்தான் நிலைக்கு நிலை உயர்ந்துகொண்டே போகிறேனே!" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் நிலையில் உங்கள் வாளின் ஒரு வெட்டு 10 புள்ளி. எதிரியின் உயிர் 50 புள்ளி. எத்தனை வெட்டு வேண்டும்? 5. ஐம்பதாவது நிலையில் உங்கள் வெட்டு 1,000 புள்ளி. எதிரியின் உயிர் 5,000 புள்ளி. இப்போது எத்தனை வெட்டு? அதே 5! எண்கள் நூறு மடங்காயின, விகிதம் மாறவில்லை. எதிரியின் நிறமும் பெயரும் மாறின. உங்கள் விரல்கள் செய்யும் வேலை மாறவில்லை. இதைக் கண்கள் உணர நாளாகலாம். ஆனால் ஒழுங்குகளைக் கண்டுபிடிப்பதில் மூளை கெட்டிக்காரன். அது கண்டுபிடித்த நாளில்தான் கொட்டாவி வருகிறது.

புது விளையாட்டு ஒரே வாரத்தில் அலுத்ததற்கும் இதுவே காரணம். வில்வீரன் போய் விண்வெளி வீரன் வந்தான். ஆனால் உள்ளே இருந்தது அதே ஐந்து வெட்டுக் கணக்கு. அதைத்தான் நீங்கள் ஏற்கெனவே மூன்று மாதம் படித்துத் தேர்ந்துவிட்டீர்களே!

அப்படியானால் எது அலுக்காது? ஹங்கேரிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க உளவியலார் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1975-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடை உண்டு. மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், அறுவை மருத்துவர்கள் முதலிய பலரை அவர் ஆராய்ந்தார். ஒரு வேலையின் கடினம் நம் திறமையைவிட மிகுதியானால் கலக்கம் ஏற்படுகிறது. குறைவானால் அலுப்பு ஏற்படுகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது நேரம் போவதே தெரியாமல் ஒன்றிவிடுகிறோம். உங்கள் திறமை வளரும்போது சவாலும் வளர வேண்டும். சதுரங்கம் பல நூற்றாண்டுகளாக அலுக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். எதிரே அமர்பவரும் கற்றுக்கொண்டே வருகிறார் அல்லவா?

புறாவைக் கட்டிப்போட்ட தந்திரம்

ஆட்டம் அலுத்த பிறகும் சிலரால் எழுந்து போக முடிவதில்லை. இது ஏன்? அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் புறாக்களை ஒரு பெட்டியில் வைத்தார். விசையைக் கொத்தினால் தானியம் விழும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கொத்தியதும் தானியம் விழுமாறு வைத்தால், தானியம் பெற்ற பிறகு புறா சற்று ஓய்வெடுத்தது. எத்தனையாவது கொத்தலில் விழும் என்று தெரியாதபடி வைத்தபோதோ, புறா ஓயாமல் கொத்தியது. 1957-இல் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் இம்முடிவுகளைப் பெரிய நூலாக வெளியிட்டார்கள்.

இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் அரிய வாளோ கவசமோ எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கும் அதிருஷ்டப் பெட்டிகளும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். புறாவின் விசைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம், காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று அறிவித்தது.

இங்கே கணிதம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரு வாள் கிடைக்கும் வாய்ப்பு 100-இல் 1 என்கிறார்கள். நூறு முறை முயன்றால் நிச்சயம் கிடைத்துவிடுமா? ஒரு முயற்சியில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு முயற்சியிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வரும் தொகை. அது ஏறத்தாழ 0.37. அதாவது, நூறு பேர் ஆளுக்கு நூறு முறை முயன்றால், சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்! "இவ்வளவு முயன்றுவிட்டேன், அடுத்ததில் கட்டாயம் வரும்" என்பதும் தவறு. தனி ஏற்பாடு ஏதும் விதியில் இல்லையென்றால், நூற்றோராவது முயற்சியிலும் வாய்ப்பு அதே 100-இல் 1-தான். பகடைக்கு நினைவாற்றல் கிடையாது.

ஐயமாக இருந்தால் வகுப்பில் செய்து பாருங்கள். 30 மாணவர்கள் ஆளுக்கு இரண்டு பகடைகளை 36 முறை உருட்டட்டும். இரண்டிலும் ஆறு விழும் வாய்ப்பு 36-இல் 1. ஆயினும் ஏறத்தாழ 11 பேருக்கு அது ஒரு முறைகூட விழாது.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளத் தக்கது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ், எலிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்தால் அவை உணவைத் தேடிப் போவதில்லை என்பதையும், ஆனால் நாவில் இனிப்பை வைத்தால் முன்போலவே சுவைக்கின்றன என்பதையும் காட்டினார். 'வேண்டும்' என்ற உந்துதல் வேறு. 'பிடித்திருக்கிறது' என்ற இன்பம் வேறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சில சமயம் பிரிந்துவிடும். பிடிக்காத விளையாட்டையும் விடமுடியாமல் ஆடுவது அவ்வாறு பிரிந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

நான்கு சீட்டுகள்

'மட்' விளையாட்டை வளர்த்த பார்ட்டில், ஆடுபவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுபவர்களை அவர் நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு சீட்டுக் குறியைக் கொடுத்தார். புதையலும் பதவியும் சேர்ப்பவர்கள் 'டைமண்ட்'. மூலை முடுக்கெல்லாம் தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் 'ஸ்பேடு'. அச்சொல்லுக்கு மண்வெட்டி என்றும் பொருள் உண்டு. நண்பர்களுக்காகவே வருபவர்கள் 'ஆர்ட்டின்'. பிறரை வீழ்த்துவதில் மகிழ்பவர்கள் 'கிளாவர்'. அதன் ஆங்கிலப் பெயருக்குத் தடி என்று பொருள். ஒருவரிடமே இவற்றில் பலவும் கலந்திருக்கலாம்.

நீங்கள் எந்தச் சீட்டு? பிடித்த விளையாட்டில் முதல் வாரம் என்ன செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வரைபடத்தின் எல்லையைத் தேடி நடந்தவர் என்றால், நிலைகளை மட்டும் உயர்த்தும் இன்னொரு விளையாட்டு உங்களுக்கு ஒத்துவராது. நண்பர் குழுவோடு அரட்டை அடித்தே பொழுதைக் கழித்தவர் என்றால், நீங்கள் தேடுவது விளையாட்டையே அன்று, அந்த நண்பர்களைத்தான். அவர்களோடு மாலையில் பந்தாடினாலும் அந்த மகிழ்ச்சி கிடைக்கும்.

நீங்களே ஆராயுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாட்கள் பின்வருமாறு குறித்து வாருங்கள்.

1. ஆடத் தொடங்குமுன், ஆட வேண்டும் என்ற ஆவல் எவ்வளவு? பத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.
2. எழுந்த பிறகு, உண்மையில் எவ்வளவு மகிழ்ந்தீர்கள்? அதற்கும் பத்துக்கு மதிப்பெண்.
3. எவ்வளவு நேரம் ஆட எண்ணினீர்கள்? எவ்வளவு நேரம் ஆடினீர்கள்?
4. இன்று புதிதாகக் கற்றது என்ன? ஒரே வரியில் எழுதுங்கள்.

ஆவலும் மகிழ்ச்சியும் இரண்டும் உயர்ந்திருந்தால் விளையாட்டு உங்களுக்கு ஏற்றது. இரண்டும் தாழ்ந்திருந்தால் தயங்காமல் விடைபெறலாம். ஆவல் 9, மகிழ்ச்சி 3 என்று வருமானால் எச்சரிக்கை! புறாவின் விசை உங்கள் கையில் இருக்கிறது. நான்காவது கேள்விக்கு எழுத ஒன்றுமே இல்லாமல் போகும் நாளில், அந்த விளையாட்டிடம் உங்களுக்குக் கொடுக்க இனி ஒன்றுமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' ஒன்றும் இடம் பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற வேலைகளைவிட அதையே முதன்மையாகக் கொள்ளுதல், கேடு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்து, படிப்பையும் உறவுகளையும் கடுமையாகப் பாதிப்பதே அதன் இலக்கணம். ஆடுபவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் இவை உங்களிடம் தென்பட்டால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவ உதவி உண்டு.

ஒரு கடைசிக் கணக்கு. நாளொன்றுக்கு 2 மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு 730 மணி நேரம். இரவு பகல் சேர்த்து முழுமையாக 30 நாட்கள்! அந்த முப்பது நாட்களை எந்த உலகில் செலவிடுவது என்று தீர்மானிப்பவர் நீங்களா, அதிருஷ்டப் பெட்டியா?

அலுப்பை எதிரியாக எண்ண வேண்டாம். 'இங்கே கற்க வேண்டியதைக் கற்றுவிட்டேன். வேறு கொடு' என்று மூளை கேட்கும் குரலே அலுப்பு. அடுத்த முறை அக்குரல் கேட்கும்போது, அதே ஐந்து வெட்டுக் கணக்கைப் புதுச் சாயம் பூசிக் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கொடுங்கள். அது புதுவகை விளையாட்டாக இருக்கலாம், சதுரங்கமாக இருக்கலாம், ஒரு சிறு விளையாட்டை நீங்களே நிரல் எழுதி உருவாக்குவதாகவும் இருக்கலாம். டிரப்ஷாவும் பார்ட்டிலும் அதைத் தொடங்கியபோது அவர்களும் மாணவர்கள்தாமே!