காட்டுக்கு யூரியா போடுவது யார்?

ஒரு போகம் தழைச்சத்து குறைந்தாலே நெல் வெளுத்து மஞ்சளாகிவிடுகிறது. ஆனால் காட்டுக்கு யாரும் ஒரு கைப்பிடி உரம் போடுவதில்லை. அது பச்சையாகவே நிற்கிறது. எப்படி? இதற்கான பதில் காட்டின் வயதைப் பொறுத்து மாறும்.

பல நூறு ஆண்டுகள் வெட்டுப்படாத வெப்பமண்டலக் காட்டில், உதிரும் சருகை நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. அதிலிருந்து வரும் தழைச்சத்தை வேர்கள் மறுபடியும் எடுத்துக்கொள்கின்றன. வரவு தாராளமாக இருப்பதால் கொஞ்சம் நைட்ரேட்டாக ஓடை நீரிலும், கொஞ்சம் வாயுவாகக் காற்றிலும் போனாலும் காடு தாங்கும். அங்கே பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது மணிச்சத்துதான்.

வெட்டி எரித்த இடத்தில் கதை வேறு. பிரேசிலின் பாரா மாநிலத்தில், அமேசான் காட்டை அழித்துப் பயிர் செய்து, பிறகு கைவிட்ட நிலங்கள் ஏராளம். அங்கே மீண்டும் எழுந்த காடுகளை வயதுவாரியாக ஆராய்ந்த முடிவுகள் 2007-ல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாயின. இளங்காட்டில் இலை, சருகு, மண் எல்லாவற்றிலும் தழைச்சத்து நடமாட்டம் குறைவாக இருந்தது. காரணம் எளிது. தீ வைத்தால் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும்; தழைச்சத்தோ புகையோடு போய்விடும். மழையும் அறுவடையும் மேலும் கொண்டுபோகும். இந்த நட்டம் ஈடாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மேலே பார்த்தால் பச்சை. மண்ணுக்குள்ளே இன்னும் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தைத் தீர்ப்பது யார்? பனாமா கால்வாய்ப் பகுதியில் மேய்ச்சல் நிலமாக இருந்து காடாக மாறிய இடங்களில் நடந்த ஆய்வு, 2013-ல் இதற்கு விடை தந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா துணையோடு அதைப் பிடிக்கும் மரங்களே முதல் 12 ஆண்டுகளில் காட்டின் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைத் தந்தன. நம் கொடுக்காப்புளிக்கு உறவான இங்கா மரம் அவற்றில் முக்கியமானது. மண்ணில் சத்து தேறிய முதிர்ந்த காட்டில் இதே மரங்கள் முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்கின்றன.

நம் வயலுக்கும் இதே கணக்குதான். வைக்கோலையும் கரும்புத் தோகையையும் எரிப்பது, காசு கொடுத்து வாங்கிய யூரியாவைக் கொளுத்துவதற்குச் சமம். அவற்றை மட்க விடுங்கள். வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா நடுங்கள். தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். காய் காய்க்கும் மரமெல்லாம் முடிச்சு வைக்காது. புளியமரத்துக்கு வேர்முடிச்சு கிடையாது.

உளுந்து, தட்டைப்பயறு வேரைப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. யூரியாவை அதிகம் கொட்டினால் செடி முடிச்சு வைக்காது. மணிச்சத்து குறைந்தாலும் முடிச்சு சரியாகப் பிடிக்காது. எனவே விதைக்கும் முன் ரைசோபியத்தோடு பாஸ்போபாக்டீரியாவையும் சேர்த்து விதைநேர்த்தி செய்வது நல்லது.

ஒரே நாள் தீயில் போனதை மீட்கக் காட்டுக்கே ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. அடுத்த அறுவடையில் தீப்பெட்டியை எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.