சன்னலைப் பார்க்கும் திரை

சுங்கை சோவில் மாலை ஐந்து மணிக்கும் சூரியன் தொடுவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில் நிற்கிறது. அதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய ஒன்றேகால் காட்டும். இருட்டும்போது ஏழரை ஆகியிருக்கும். பள்ளியும் வேலையும் முடிந்து மடிக்கணினியைத் திறக்கும் நேரம்தான் மேற்கு வெயில் சாய்வாக வீட்டுக்குள் நுழையும் நேரம். ரவாங்கிலிருந்து செரண்டா வரைக்கும் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பெரோடுவா தொழிற்சாலையும் தாமான் தாமானாக வரிசை வீடுகளும் நிற்கின்றன. வரிசை வீட்டுக்கு முன்னால் சன்னல், பின்னால் சன்னல். மூலை வீடாக இருந்தால் ஒழிய பக்கச் சுவரில் எதுவும் கிடையாது. வெளிச்சம் தேடி முன்கூடத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்தால், பளபளப்பான திரையில் எழுத்துக்கு மேல் சன்னல் கிரில்லும் எதிர்வீட்டுக் கூரையும் தெரிகின்றன. திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவது, கடையில் ஒரு படலம் வாங்கி ஒட்டுவது, கண்ணாடிக்கடைக்குப் போய்க் கண்ணைச் சோதிப்பது என்று வழக்கமான வைத்தியங்கள் அதன் பிறகு தொடங்கும். இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது திரை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு ஒரு சின்னக் கணக்கே போதுமான சான்று.

ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு ஒளிர்வாகத் தெரிகிறது என்பதை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். சாதாரண மடிக்கணினியின் வெள்ளைப் பக்கம் அதிகபட்சம் 250 நிட் ஒளிரும். கறுப்பு எழுத்து அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது கால் நிட். இருட்டறையில் இந்த ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே கண்ணுக்குக் கிடைக்கும். ஆனால் திரையின் மேற்பரப்பு, பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆனால், நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். அது பொருளின் இயல்பு. எந்த நிறுவனம் செய்தாலும் மாறாது. நான்கு விழுக்காடு அற்பமாகத் தோன்றலாம். எதில் நான்கு விழுக்காடு என்பதுதான் கேள்வி. மேகம் பரவிய வெளுத்த வானம் சில ஆயிரம் நிட் ஒளிரக்கூடியது. 5,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு விழுக்காடு 200 நிட். இந்த 200 வெள்ளையின் மேலும் ஏறும், கறுப்பின் மேலும் ஏறும். வெள்ளை 450 ஆகிறது, கறுப்பு 200-ஐத் தாண்டுகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்று இருந்தது இரண்டேகாலுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. வலைப்பக்கங்களுக்கு நெறி வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது நாலரைக்கு ஒன்று வேண்டும் என்கிறது. சன்னலைப் பார்த்த திரை அதில் பாதியளவுதான் தருகிறது.

வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகாதா என்று கேட்கலாம். எல்லார் கையும் முதலில் போவது அந்தப் பொத்தானுக்குத்தான். விலை கூடிய ஒரு கணினி 500 நிட் தருகிறது என்று கொள்வோம். வெள்ளை 700, கறுப்பு 200, மூன்றரைக்கு ஒன்று. இரண்டு மடங்கு ஒளி கொடுத்தும், மின்கலம் சீக்கிரம் காலியாகியும், அந்த நாலரையைத் தொட முடியவில்லை. இப்போது பழைய 250 நிட் கணினியையே எடுத்து, அதன் எதிரே சன்னல் இல்லாமல் சுவர் இருக்கும்படி திருப்புங்கள். அறைக்குள் இருக்கும் வெள்ளைச் சுவர் நூறு நிட் ஒளிர்ந்தாலும் அதில் திரும்பி வருவது நான்கு நிட் மட்டும். விகிதம் அறுபதுக்கு ஒன்று. பணம் கொடுத்து வாங்கிய பிரகாசத்தால் முடியாததை ஒரு நாற்காலி நகர்வு செய்துவிடுகிறது. வானமும் உள்சுவரும் ஒளிர்வில் ஐம்பது மடங்கு வேறுபடுவதால்தான் இப்படி. நம் கண் இரண்டுக்கும் சட்டென்று பழகிக்கொள்வதால் அந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை.

அப்படியானால் இந்தப் பளபளப்பை எதற்காகக் கொண்டுவந்தார்கள்? தொண்ணூறுகளில் மடிக்கணினித் திரைகள் பெரும்பாலும் சொரசொரப்பான மேட் வகை. 2000-க்குப் பிறகு சோனி, தோஷிபா போன்றவை பளபளப்புத் திரைக்கு ஆளுக்கொரு கவர்ச்சிப் பெயர் வைத்து விற்றன. 2006-இல் வந்த ஆப்பிளின் மேக்புக்கில் பளபளப்பு மட்டும்தான் கிடைத்தது. இது வெறும் விற்பனைத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. மேட் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளம் வெளியிலிருந்து விழும் ஒளியைச் சிதறடிக்கும்போது, உள்ளிருந்து வரும் படத்தையும் கொஞ்சம் கலைக்கிறது. வழவழப்பான திரையில் கறுப்பு ஆழமாகவும் நிறம் செறிவாகவும் தெரியும். படம் திருத்துகிறவர், இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிறவர் இருவருக்கும் அது உண்மையான நன்மை. ஆனால் அந்த நன்மை அறை வெளிச்சம் அடங்கியிருக்கும் வரைதான். கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற கட்டடங்களுக்குள், சன்னல் வெளிச்சம் எட்டாத கடைகளில், வண்ண மீன்கள் நீந்தும் காட்சிப் படத்தோடு வரிசையாகத் திறந்து வைத்திருக்கும் கணினிகளில் பளபளப்பானதுதான் ஜெயிக்கும். வாங்குகிறவர் அதைச் செரண்டாவில் சாயங்கால வெயிலுக்கு முன்னால் வைக்கப் போகிறார் என்பது அந்தப் போட்டியில் சேர்வதில்லை.

மேட் திரை வாங்கிவிட்டாலோ, முப்பது நாற்பது ரிங்கிட்டில் ஒரு மேட் படலம் ஒட்டிவிட்டாலோ தொல்லை முடிந்தது என்று நினைப்பதும் பாதி உண்மைதான். மேட் பரப்பு திரும்பி வரும் வெளிச்சத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை, அதைப் பரப்பிவிடுகிறது. சன்னல் வடிவம் கரைந்து போகும், கிரில் தெரியாது, கண் பிம்பத்தைத் தேடி ஓடாது. சிறிய, கூர்மையான விளக்குகளுக்கு இது நல்ல மருந்து. ஆனால் சன்னல் பெரியதாகவோ, வெயில் நேராகத் திரையிலேயே விழுவதாகவோ இருந்தால், பரவிய வெளிச்சம் திரை முழுவதையும் பாலாடை படிந்த மாதிரி வெளிற வைத்துவிடும். பளபளப்புத் திரையிலாவது தலையைச் சற்று நகர்த்தினால் பிம்பம் நகரும். வெளிறிய மேட் திரையில் எங்கே நகர்ந்தாலும் வெளிறல்தான். மேட் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாள் முழுக்க எழுத்தோடும் கணக்கோடும் வேலை செய்கிறவருக்கு என் பரிந்துரை மேட்தான். ஆனால் அது சன்னலுக்கு எதிரே உட்காரும் உரிமைச் சீட்டு ஆகாது.

வெளிச்சத்தை உண்மையிலேயே குறைப்பது வேறொரு வித்தை. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் வில்லைகளுக்கு எதிரொளி தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட் 1938-இல், ஒரே மூலக்கூறு தடிமனுள்ள படலங்களை நாற்பத்து நான்கு அடுக்காகக் கண்ணாடியில் ஏற்றி, கண்ணாடி இருப்பதே தெரியாமல் செய்து காட்டினார். தத்துவம் எளிது. பூச்சின் தடிமன் ஒளி அலையின் நீளத்தில் கால் பங்காக இருந்தால், பூச்சின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் அலையும் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். பிளாட்ஜெட்டின் படலம் மென்மையானது, விரல் பட்டால் அழிந்துவிடும். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கும் உறுதியான ஃபுளோரைடு பூச்சுகள் பிறகு வந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையில் 'மல்ட்டிகோட்' என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தருவது இந்தக் குடும்பத்துப் பூச்சைத்தான். சாய்த்துப் பார்த்தால் பச்சையோ ஊதாவோ மினுங்கும். நல்ல பூச்சு நான்கு விழுக்காட்டை ஒன்றாகக் குறைக்கும். பழைய கணக்கில் போட்டுப் பாருங்கள்: 200 நிட் 50 ஆகிறது, விகிதம் ஆறுக்கு ஒன்று. வானத்துக்கு எதிரேயே படிக்க முடிகிறது. கடையில் இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். அணைத்து வைத்த திரையில் கூரை விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பளீரென்று இருந்தால் பூச்சு இல்லை. மங்கி, ஊதா கலந்து தெரிந்தால் பூச்சு உண்டு. உருவம் கலைந்து பனிமூட்டமாக இருந்தால் மேட். விற்பவர் சொல்லும் பெயரை விட இந்தப் பார்வை நம்பகமானது.

சரி, புதுக் கணினி வாங்கும் எண்ணம் இல்லாதவர் என்ன செய்வது? இங்கேதான் நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் வாழ்வது கைகொடுக்கிறது. சுங்கை சோ வட அகலாங்கு மூன்றேகால் பாகையை ஒட்டி இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் நேர் கிழக்கிலிருந்து இருபத்து நான்கு பாகைக்கு மேல் விலகி உதிப்பதில்லை, நேர் மேற்கிலிருந்து அதற்கு மேல் விலகி மறைவதும் இல்லை. நடுப்பகலில் ஜூன் மாதம் கொஞ்சம் வடக்கே, டிசம்பரில் கொஞ்சம் தெற்கே சாய்ந்தாலும், அறுபது பாகைக்குக் கீழே இறங்காது. கூரை இறக்கமே அதைத் தடுத்துவிடும். ஐரோப்பாவில் குளிர்காலச் சூரியன் நண்பகலிலேயே தெற்குச் சன்னல் வழியாக அறைக்குள் நீண்டு படுக்கும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. ஆக, வடக்கு, தெற்குச் சன்னல்களில் தாழ்ந்த வெயில் நேராக நுழைவது அரிது. தொல்லை கிழக்கிலும் மேற்கிலும்தான், அதுவும் நேரம் சொல்லி வைத்தாற்போல வரும். கிழக்கு மேற்காகப் பார்க்கும் வரிசை வீட்டில் காலையில் மேற்கு அறை, மாலையில் கிழக்கு அறை என்று இடம் மாறினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், லயத்து வீட்டில், அறை மாறுவது எப்படி என்று கேட்பது நியாயம். கிடைத்தது முன்கூடத்து மேசை ஒன்றுதான் என்றால் அதற்கும் மூன்று நிலைகள் உண்டு. சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் திரை வானத்தைப் பார்க்கும், அதுதான் படுமோசம். சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் திரையில் பிம்பம் விழாது, ஆனால் 5,000 நிட் வானத்தையும் 250 நிட் திரையையும் கண் ஒரே பார்வையில் ஏற்க வேண்டியிருக்கும். திரை மங்கலாகத் தெரியும். சன்னல் தோளுக்குப் பக்கமாக வரும்படி உட்கார்வதே சரி. நாற்காலியைக் கால் வட்டம் திருப்ப இடம் போதும். சன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு கனத்த துணி போட்டால் மாலை வெயில் அடங்கும், காற்று மேலே வந்துகொண்டிருக்கும்.

இரவில் எதிரி மாறுகிறது. குழல்விளக்கின் ஒளிர்வு பல ஆயிரம் நிட். அதன் பிம்பம் திரையில் விழுந்தால் எழுத்தின் ஒரு வரியையே விழுங்கிவிடும். ஆனால் விளக்கு சிறியது, உயரத்தில் இருப்பது. கண்ணாடியை ஒரு பங்கு சாய்த்தால் பிம்பம் இரண்டு பங்கு நகரும் என்பதால், திரையைப் பத்துப் பாகை முன்னே தள்ளினால் விளக்கு இருபது பாகை விலகிப் போய்விடும். இன்னொன்று, கண்ணுக்கு நல்லது என்று பலர் வைத்துக்கொள்ளும் கறுப்புப் பின்னணி வெளிச்சமான இடத்தில் எதிரியாகிவிடும். பிம்பம் தெளிவாகத் தெரிவது இருண்ட பகுதியில்தான். பகலில் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிக்கொள்வதற்குக் காசு செலவில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி இதற்கு எந்த வகையிலும் உதவாது. போலராய்டு வெயில் கண்ணாடி போட்டால் சில கோணங்களில் திரையே கறுத்துவிடும், ஏனென்றால் எல்சிடி திரையிலிருந்து வருவதே ஒரு திசையில் அதிரும் ஒளி.

இதெல்லாம் வசதி உள்ளவர்களின் சின்னக் கவலை என்றும் சொல்லலாம்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது அன்றைய பேச்சு பெரும்பாலும் இணைய வசதியையும் கருவி இல்லாத பிள்ளைகளையும் சுற்றியே இருந்தது. அதே ஆண்டு, செர்டிக் என்ற திட்டத்தில் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவி தருவதாக அறிவித்தார்கள். முதல் தேவை அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி கையில் வந்த பிறகு பிள்ளை அதை எந்த வெளிச்சத்தில் படிக்கிறது என்பது அடுத்த கேள்வி. அலுவலகத்துக்கு இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். தொந்தரவு தரும் எதிரொளி திரையில் இருக்கக் கூடாது என்று ஐரோப்பியச் சமூகம் 1990-லேயே பணியிடங்களுக்கு விதி செய்தது. வீட்டு மேசைக்கு அப்படி ஒரு விதி செய்ய முடியாது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

வெளியே, மரத்தடியில், நண்பகலில் படிக்க வேண்டுமென்றால் இதுவரை சொன்ன எதுவும் போதாது. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை எட்டும். மடிக்கணினி விளக்கு அதோடு மல்லுக்கட்ட முடியாது. மல்லுக்கட்டாத ஒரு திரையை ஒருமுறை செய்தார்கள். வெயில் நாடுகளின் ஏழைப் பிள்ளைகளுக்காக 2007-இல் வந்த எக்ஸ்ஓ மடிக்கணினிக்கு மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரை, வெயிலில் பின்விளக்கை அணைத்துவிட்டு, விழும் வெயிலையே திருப்பி அனுப்பிக் கறுப்பு வெள்ளையில் எழுத்தைக் காட்டியது. வெயில் ஏற ஏறத் தெளிவு கூடியது. அந்த நுட்பத்தை வணிகமாக்க அவர் 2008-இல் தொடங்கிய பிக்சல் சி நிறுவனம் நிலைக்கவில்லை. மறுமுனையில் ஆப்பிள், 2024-இன் மேக்புக் புரோவில் எதிரொளியைச் சிதறடிக்கும் நானோ பரப்புத் திரையைக் கூடுதல் விலைக்கு ஒரு தெரிவாகக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் நடுவில், பள்ளிப் பிள்ளையின் பெற்றோர் வாங்கக்கூடிய விலையில், கடைத்தட்டில் அதிகம் கிடைப்பது இன்றும் 250 நிட் திரைதான்.